தப்புக்குத் தோல் வேண்டும், சட்டிக்கு மட்டும் தடையா?

காப்புக் கட்டிவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் கருவாட்டு வாடைகூட வராது. திருவிழா முடியும்வரை அடுப்பில் பருப்பும் உருளைக்கிழங்கும்தான். அந்தக் கட்டுப்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து நானும் அப்படியே இருந்து வருகிறேன். என் குறையெல்லாம் அந்த நாட்களில் மேடையேறும் சொற்பொழிவுகளைப் பற்றியது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துக் கோயில்களில் இப்போது ஒரே பேச்சு பல வாய்களில் வருகிறது: "ஆதி காலத்திலிருந்தே இந்துக்கள் பசுவைத் தெய்வமாகக் கும்பிட்டவர்கள். மாட்டிறைச்சி நம் மரபிலேயே கிடையாது. அது அந்நியர் கொண்டுவந்த பழக்கம். அதைத் தின்பவன் இந்துவே அல்ல."

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். போன சம்பள நாளில் டவுனில் கால் கிலோ வாங்கி, கறுப்புப் பைக்குள் இன்னொரு பை போட்டுக் கட்டி, கோயில் வாசலைத் தவிர்த்துச் சுற்றுப்பாதையில் லயத்துக்குப் போனவரும் தலையாட்டுவார். அந்தச் சுற்றுப்பாதைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பேச்சு மேடையோடு நின்றுவிடவும் இல்லை. 2013 இல் வெசாக் நாளன்று, மாடு வெட்டுவதைத் தடை செய்யக் கோரிக் கண்டியில் ஒரு பிக்கு தீக்குளித்து இறந்தார். 2016 இல் வடக்கில் உருவான சிவசேனை இயக்கம் இதே கோரிக்கையைத் தமிழர் பக்கமிருந்து எழுப்பியது. 2020 செப்டெம்பரில், அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்வைத்த மாடு வெட்டும் தடைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2021 ஒக்டோபரில் அதற்காகச் சட்டங்களைத் திருத்தவும் அமைச்சரவை இணங்கியது. பாராளுமன்றத்தில் அது சட்டமாகவில்லை என்றாலும், "இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்து கேட்கிறோம்" என்ற வாசகம் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த "இந்துக்கள்" என்ற கணக்கில் எங்கள் தலைகளும் எண்ணப்படுகின்றன.

யாரையும் மாட்டிறைச்சி சாப்பிடச் சொல்வது என் வேலையல்ல. சாப்பிடாமல் இருப்பதற்கு நல்ல காரணங்கள் பல உண்டு. "ஆதியிலிருந்தே இல்லை" என்பது அவற்றில் ஒன்றல்ல, ஏனென்றால் அது உண்மையல்ல. மேடைப் பேச்சை ஆறு கூற்றுகளாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூற்று 1: வேத காலத்திலிருந்தே பசுக்கொலை இந்து மரபில் கிடையாது

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 86ஆம் சூக்தத்தில், தனக்காகப் பதினைந்தும் இருபதுமாகக் காளைகளைச் சமைக்கிறார்கள் என்று இந்திரனே சொல்கிறான். 85ஆம் சூக்தம் சூரியாவின் திருமணத்தைப் பாடுவது. இன்றும் கல்யாண மேடையில் ஐயர் ஓதும் மந்திரங்கள் பல அதிலிருந்து வந்தவை. அந்தத் திருமணத்தை ஒட்டி மக நாளில் மாடுகள் வெட்டப்படுவதை அது சாதாரணச் செய்தியாகக் குறிப்பிடுகிறது. 91ஆம் சூக்தத்தில் அக்கினிக்கு ஆகுதியாகும் உயிர்களின் பட்டியல் வருகிறது: குதிரை, காளை, எருது, மலட்டுப் பசு, செம்மறிக்கடா.

வேதத்தை அடுத்து வந்த பிராமண நூல்களில் சதபத பிராமணம் பெரியது. பசுவும் எருதும் உலகைத் தாங்குகின்றன, ஆகவே அவற்றை உண்ணலாகாது என்று அது ஓரிடத்தில் விதிக்கிறது. விதித்த கையோடு, யாக்ஞவல்கியர் என்ன சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறது: இறைச்சி இளசாக இருந்தால் நான் உண்பேன் என்றாராம். தடையும் தடையை மீறிய முனிவரும் ஒரே பத்தியில் இருக்கிறார்கள். பிருகதாரண்யக உபநிடதத்தின் கடைசி அத்தியாயமோ, எல்லா வேதமும் கற்ற மகன் பிறக்க வேண்டுமானால் கணவனும் மனைவியும் காளை இறைச்சியோடு சமைத்த சோற்றை நெய் விட்டு உண்ணலாம் என்று வழி சொல்கிறது.

இல்லற ஒழுக்கம் பேசும் சூத்திர நூல்களிலும் இதுவே கதை. வீட்டுக்கு வரும் குரு, அரசன், மருமகன் போன்ற மதிப்புக்குரிய விருந்தினருக்கு மதுபர்க்கம் என்ற வரவேற்பு உண்டு. இறைச்சி இல்லாமல் மதுபர்க்கம் ஆகாது என்பது ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தின் விதி. ஆபஸ்தம்ப தர்ம சூத்திரம் பசு, எருது இரண்டின் இறைச்சியையும் உண்ணத் தக்கவை என்றே சொல்கிறது.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கும்: வேதத்தில் பசுவுக்கு "அக்ன்யா", அதாவது கொல்லத் தகாதது, என்ற பெயர் இருக்கிறதே? இருக்கிறது. குற்றமற்ற பசுவைக் கொல்லாதே என்று சொல்லும் மந்திரமும் இருக்கிறது. கறவைப் பசுவைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே முளைத்துவிட்டதை அவை காட்டுகின்றன. ஆனால் அதே தொகுப்பு மலட்டுப் பசுவையும் காளையையும் வேள்விக்குக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே நூலில் இருக்கும்போது ஒன்றை மட்டும் ஒலிபெருக்கியில் சொல்வது பாதி உண்மை.

கூற்று 2: இதெல்லாம் வெள்ளைக்காரரும் இடதுசாரிகளும் திரித்துச் சொன்னது

சரி, வெள்ளைக்காரர் பிறப்பதற்கு முன்னால் போவோம். சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முந்தியவர். "கோக்ன" என்ற சொல் எப்படி அமைகிறது என்று அவர் ஒரு சூத்திரத்தில் விளக்குகிறார். யாருக்காகப் பசு கொல்லப்படுகிறதோ அவர், அதாவது விருந்தாளி, என்பது அதன் பொருள். இலக்கணக்காரருக்குச் சொல் அமைப்பைத் தவிர வேறு நோக்கம் கிடையாது. விருந்தாளிக்கு அப்படி ஒரு பெயர் வழக்கில் இருந்தது, அவர் அதை விளக்கினார்.

மருத்துவ நூலைப் பாருங்கள். வாத நோய், பீனிசம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், வறட்டு இருமல், களைப்பு ஆகியவற்றுக்கு மாட்டிறைச்சி நல்லது என்கிறது சரக சம்ஹிதை. அதே நூல் இன்னோரிடத்தில், விலங்கு இறைச்சிகளில் தீமை மிகுந்தது அதுவே என்றும் சொல்கிறது. மருத்துவர் எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது என்று கணக்குப் பார்க்கிறார். நாட்டில் யாருமே உண்ணாத பொருளுக்கு அந்தக் கணக்குத் தேவைப்பட்டிராது.

மகாபாரதத்தில் ரந்திதேவன் என்ற அரசன் வருகிறான். அவன் மடைப்பள்ளியில் விருந்தினருக்காக நாளொன்றுக்கு இரண்டாயிரம் பசுக்கள் வெட்டப்பட்டன என்று வன பர்வம் அவனைப் புகழ்கிறது. அங்கே குவிந்த தோல்களிலிருந்து பெருகியதால் சர்மண்வதி என்று பெயர் பெற்ற ஆறுதான் இன்றைய சம்பல் நதி. காளிதாசனும் மேகதூதத்தில் அந்த ஆற்றை ரந்திதேவனின் புகழ் என்று வணங்கச் சொல்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்தது பவபூதி காட்டும் காட்சி. எட்டாம் நூற்றாண்டில் எழுதிய உத்தரராமசரிதத்தின் நான்காம் அங்கத்தில், வால்மீகி ஆசிரமத்து மாணவர் இருவர் பேசிக்கொள்கிறார்கள். வசிட்டர் வந்ததும் அந்தப் பாவப்பட்ட கன்று போய்விட்டதே, இவர் என்ன புலியா என்று ஒருவன் நொந்துகொள்கிறான். வேதம் அறிந்த விருந்தினருக்கு மதுபர்க்கம் அப்படித்தான் என்கிறான் மற்றவன். அன்றைக்கே ஜனகரும் வருகிறார். அவர் இறைச்சியை விட்டவர். அவருக்குத் தயிரும் தேனும் மட்டும் வைத்து மதுபர்க்கம் நடக்கிறது. ஒரே ஆசிரமம், ஒரே நாள், இரண்டு விருந்தினர், இரண்டு விதமான இலை. யாரும் யாரையும் மரபை விட்டு விலக்கவில்லை. இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பிற்காலத் தர்ம நூல்கள் "கலிவர்ஜ்யம்" என்று ஒரு பட்டியல் தருகின்றன. முன் யுகங்களில் இருந்தாலும் கலியுகத்தில் விட்டுவிட வேண்டியவை எவை என்பது அந்தப் பட்டியல். பசுக்கொலை அதில் இருக்கிறது. முன்பு இருந்திராவிட்டால் விட்டுவிடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். 1872 இல் பண்டை இந்தியாவில் மாட்டிறைச்சி என்பது பற்றி விரிவாக எழுதியவர் வங்காளத்து அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா. தர்ம சாஸ்திர வரலாற்றைப் பல பெருந்தொகுதிகளாக எழுதி 1963 இல் பாரத ரத்னா பெற்ற பாண்டுரங்க வாமன் காணேயும் இச்சான்றுகளை மறைக்கவில்லை. 2001 இல் இதையே நூலாக எழுதிய வரலாற்றாசிரியர் டி. என். ஜாவுக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பழைய நூல்களை வரிசையாக அடுக்கியிருந்தார்.

இவர்கள் யாரும் வேண்டாம் என்றால், நம் கோயில் மண்டபங்களில் படமாகத் தொங்கும் ஒருவரைக் கேட்போம். சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, கண்டி, மாத்தளை வழியாக அனுராதபுரமும் யாழ்ப்பாணமும் போய், அங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் கடந்தார். எங்கள் முன்னோர் மன்னாரிலிருந்து மேலேறி வந்த பாதையின் ஒரு பகுதியில் அவர் இறங்கிப் போனார் என்று சொல்லலாம். அந்தப் பயணத்தில் மதுரையில் கொடுத்த வரவேற்புக்குப் பதிலுரை ஆற்றும்போது, மாட்டிறைச்சி உண்ணாமல் பிராமணர் பிராமணராக இருக்க முடியாத காலம் இதே நாட்டில் இருந்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஏன் நின்றது என்பதற்கும் காரணம் சொன்னார்: உழவை நம்பிய மக்கள் நல்ல காளைகளை வெட்டிக்கொண்டே போனால் இனமே அழிந்துவிடும் என்று கண்டதால் நிறுத்தினார்கள். உழவும் காளையும் என்ற இந்தக் காரணத்துக்கு ஆறாம் கூற்றில் திரும்பி வருவேன்.

கூற்று 3: வடக்கே எப்படியோ, தமிழர் மரபில் இல்லை

சங்க இலக்கியம் வேறு சொல்கிறது. அகநானூற்றின் 129ஆம் பாடலில் கொழுத்த ஆவைத் தின்ற மழவர், செருப்பணிந்த காலோடு சுனையில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறார்கள். 309ஆம் பாடலில் ஆநிரை கவர்ந்து வந்தவர்கள், தெய்வம் உறையும் பருத்த வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவை வெட்டி, குருதி தெளித்துப் பலியிட்டு, இறைச்சியைப் புழுக்கி உண்கிறார்கள். வேப்பமரம், தெய்வம், குருதிப்பலி, சமைத்துப் பகிர்ந்துண்ணல் என்ற இந்த வரிசையை எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் இன்றும் பார்க்கலாம். அங்கே இப்போது கிடாவும் சேவலும் பலியாகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பகைவர் நாட்டுப் பசுக்களைக் கவர்ந்து வந்து கள்ளுக்கு மாற்றுகிறார்கள். ஊர் மன்றத்தில் வலிய காளையை அறுத்து உண்டு களிக்கிறார்கள்.

பசுவிடம் பரிவும் அதே இலக்கியத்தில் உண்டு. புறநானூற்றின் 9ஆம் பாடலில், போர் தொடங்குமுன் பசுக்களைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லும் அறம் பேசப்படுகிறது. 34ஆம் பாடல் பசுவின் மடியை அறுப்பதைப் பெரும் பாவங்களில் ஒன்றாக வைக்கிறது. பால் தரும் மடியை மதித்த சமூகமே விருந்தில் காளையையும் அறுத்தது. ஒரு கை மற்றதை மறுக்கவில்லை.

"கன்றுக்காக மகனையே கொன்ற எல்லாளன் ஆண்ட நாடு இது" என்பார்கள். அனுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்லும் கதை அது. தேர்ச்சக்கரத்தில் கன்று மடிந்தது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, அதே சக்கரத்தால் மகன் தலை போனது. அதே அத்தியாயத்தில் காயப்போட்ட அரிசி மழையில் நனைந்து போன கிழவிக்கும் அந்த மணி நீதி வாங்கித் தருகிறது. மணி அடித்தது யாராக இருந்தாலும் அரசன் கேட்டான் என்பது கதையின் சாரம். நாட்டில் யார் எந்த இறைச்சி சமைத்தார் என்பதைப் பற்றி அக்கதை ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்து வள்ளுவர். புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே எழுதினார், கொல்லாமை என்று இன்னோர் அதிகாரமும் எழுதினார். அவர் சொல்வது எல்லா உயிரையும் சேர்த்து. மாட்டை மட்டும் தனியாக நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கிக் குழம்பு வைப்பவர், பக்கத்துக் காம்பராவின் மாட்டிறைச்சிச் சட்டியைக் காட்டி வள்ளுவரைத் துணைக்கழைத்தால், வள்ளுவர் முதலில் அவர் கோழிச் சட்டியைத்தான் திறந்து பார்ப்பார்.

கூற்று 4: வெள்ளைக்காரரும் முஸ்லிம்களும் கொண்டுவந்த பழக்கம்

சங்கப் பாடல்கள் எழுந்த காலத்தில் இஸ்லாம் தோன்றவில்லை, இந்த நாட்டை ஆள ஐரோப்பியர் யாரும் வந்திருக்கவில்லை. அந்த ஒரு பதிலே போதும். ஆனாலும் மலையகத்துக்கென்று ஒரு தனிப் பதில் இருக்கிறது.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காக ஆள் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊர் ஒதுக்கி வைத்த மக்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் இன்னும் பலரைத் தோணியேற்றியது. அவர்களுடைய ஊர்களில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவது அவர்கள் தலையில் கட்டப்பட்ட வேலை. தோலைப் பதனிட்டு ஊருக்குச் செருப்பும் கமலைச் சாலும் செய்து கொடுத்தார்கள். இறைச்சி அவர்கள் பங்கு. உப்புத் தடவிக் காயவைத்துப் பஞ்ச காலத்துக்கும் சேர்த்து வைத்தார்கள். அந்த மக்கள்தான் குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, மலையில் மாரியம்மனுக்குக் குடில் கட்டியவர்கள். மாரியம்மன் வந்த தோணியிலேயே அந்த நாக்கும் வந்தது. துரை பங்களாவின் குசினியிலிருந்து யாரும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

பிரித்தானியர் செய்தது வேறு. 1893 இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, மாடு வெட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று விதித்தார்கள். ஏற்கனவே நடந்த தொழிலுக்குத்தான் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். அந்தச் சட்டத்தின் வழியே வந்த முறைப்படி இன்றும் நகர சபையும் பிரதேச சபையும் இறைச்சிக் கடைகளைக் கேள்விக்கு விடுகின்றன. கடையை எடுத்து நடத்துபவர் பெரும்பாலும் முஸ்லிம் என்பதால் பழக்கமும் அவருடையது என்று சொல்வது, தேயிலை விற்பவர் கொழும்புக்காரர் என்பதால் கொழுந்தையும் அவரே பறித்தார் என்பதற்குச் சமம்.

கூற்று 5: மாட்டிறைச்சி தின்பவர் தாழ்ந்தவர், இந்துவே அல்ல

இந்தக் கூற்றுக்காகவே மற்ற நான்கும் பேசப்படுகின்றன என்று நினைக்கிறேன். முதல் நான்கும் நூலைப் பற்றியவை, இது ஆளைப் பற்றியது.

1948 இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில் அம்பேத்கர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினார். ஒரு காலத்தில் பிராமணரும் உண்டார்கள். புத்த மதத்தோடு ஏற்பட்ட போட்டியில் அவர்கள் வேள்விக் கொலையையும் மாட்டிறைச்சியையும் விட்டு, பசுவைப் புனிதமாக்கினார்கள். செத்த மாட்டைச் சுமக்கும் வேலையில் கட்டுண்டிருந்தவர்களால் விட முடியவில்லை. விட முடியாதவரைத் தீண்டத்தகாதவர் ஆக்கினார்கள். இது அவர் வாதம், இதோடு மாறுபடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இதன் சாரம் புதிதல்ல. லயங்களைச் சாதி பார்த்துப் பிரித்தார்கள். பெரிய கங்காணியும் குடியானவரும் கோயில் காரியத்தில் முன் நின்றார்கள். "அவர்கள் என்ன தின்கிறார்கள்" என்பது ஒதுக்கி வைத்தபிறகு சொல்லப்பட்ட சாக்கு. தின்பதை நிறுத்திய குடும்பங்களையும் யாரும் உள்ளே அழைத்து உட்கார வைத்துவிடவில்லை.

அடுத்து, தப்பு என்ற பறையைப் பாருங்கள். ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் கூப்பிட்டது தப்புச் சத்தம். காமன் கூத்துக்கும் தப்பு, அம்மன் கரகம் பாலிப்பதற்கும் தப்பு, கடைசிப் பயணத்துக்கும் தப்பு. வைக்கோல் கொளுத்தி அதைச் சூடு காட்டி விறைக்க வைப்பார்கள். அந்தத் தோல் மாட்டுத் தோல். அந்தத் தோல் கோயில் வாசலில் முழங்காமல் அம்மன் இறங்க மாட்டாள் என்று நம்புகிறோம். தோலை ஏற்றுக்கொள்ளும் சாமி, அதை உரித்தவன் வயிற்றைப் பார்த்து முகம் சுளிக்கும் என்று யார் சொன்னது?

இது எங்கள் தோட்டத்து வாதம் மட்டுமல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், ஆதனூர் நந்தனாரின் தொண்டு என்ன என்று விளக்குகிறார். சிவன் கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்ததே அந்தத் தொண்டு. இவை எல்லாம் மாட்டின் உடலிலிருந்து வருபவை. அவற்றைக் கொடுத்தவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து இன்றும் குருபூசை செய்கிறோம்.

அதற்கு ஐந்நூறு ஆண்டு முந்திய அப்பர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். ஆறாம் திருமுறையில் ஒரு தனித் தாண்டகத்தில் அவர் சொல்வதன் கருத்து இது: தொழுநோயால் உடல் அழுகியவராக இருந்தாலும், பசுவை உரித்துத் தின்று திரியும் புலையராக இருந்தாலும், கங்கையைச் சடையில் கொண்டவனுக்கு அன்பர் என்றால் அவர்களே நாங்கள் வணங்கும் கடவுள். "இருந்தாலும்" என்பதில் அந்த உணவைத் தாழ்வாகக் கருதிய காலத்தின் சாயல் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்ப்பு என்ன? பசுவைத் தின்பவன் சிவனடியாராக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு ஏழாம் நூற்றாண்டிலேயே சைவத்தின் முதன்மையான ஒரு குரல் முடியும் என்று சொல்லிவிட்டது. முடியும் என்பதோடு நிற்காமல் அவனையே கும்பிடுவேன் என்றது. இன்று மேடையில் நின்று "அவன் இந்துவே அல்ல" என்பவர் அப்பரோடு வழக்காட வேண்டும்.

கூற்று 6: எப்படியோ, தடை வந்தால் பசு பிழைக்கும்

ஆதியும் அந்தமும் கிடக்கட்டும், ஒரு வாயில்லாச் சீவனாவது பிழைக்கட்டுமே என்பவர்களும் உண்டு. அவர்கள் நல்ல மனத்தோடு கேட்கிறார்கள், ஆகவே மாடு வளர்ப்பவர் பக்கமிருந்து பதில் சொல்கிறேன்.

லயத்துக்குப் பின்னால் ஒரு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு கட்டுப் புல்லும் தலையில் வரும். காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஐந்தோ ஆறோ லீற்றர் போகும். சாணம் மரக்கறிப் பாத்திக்கு. 2021 இல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோதும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைத் தாங்கியது பல வீடுகளில் அந்த மாடுதான்.

அந்த மாடு கடேரிக் கன்று போட்டால் மகிழ்ச்சி. காளைக் கன்று போட்டால்? வயல் நாட்டில் காளைக்கு ஏர் உண்டு, வண்டி உண்டு. தேயிலை மலைச் சரிவில் ஏர் ஓடாது. இனவிருத்திக்கும் இப்போது மாட்டு டொக்டர் வந்து ஊசி போட்டுவிடுகிறார். வேலையில்லாத காளையையும் பால் வற்றிக் கிழடான பசுவையும் மாட்டு வியாபாரி வாங்குகிறார். அந்தப் பணத்தில் அடுத்த கன்று வருகிறது. இந்தக் கண்ணியை அறுத்தால் கிழட்டு மாட்டுக்கும் புல் வெட்ட வேண்டும். இருக்கும் புல்லோ கறவைக்கே போதாது. அப்போது மாட்டை இருட்டில் அவிழ்த்துவிடுவார்கள், அல்லது மாடு வளர்ப்பதையே விட்டுவிடுவார்கள். இரண்டிலும் பசு பிழைக்காது.

விவேகானந்தர் சொன்ன காரணம் இங்கே பொருந்துகிறது. உழவு மாட்டைக் காக்கத்தான் பழைய தடை பிறந்தது. இந்திய அரசியலமைப்பின் 48ஆவது உறுப்புரை பசுவதையைப் பற்றிப் பேசும்போதும் வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும்தான் காரணமாக முன்வைக்கிறது, மதத்தை அல்ல. ஏர் ஓடாத மலையில் அதே தடை கறவைக்காரரின் கழுத்தைப் பிடிக்கும்.

2020 இன் அமைச்சரவை முடிவில் இன்னொரு வேடிக்கை இருந்தது. இங்கே மாடு வெட்டக்கூடாது, உண்பவர்களுக்காக வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்குமதி செய்யலாம் என்றது அந்த முடிவு. பாவம் கப்பலேறினால் கழுவப்படும் போலும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016 இன் குடிசன சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் ஏறக்குறைய 17 வீதம், தோட்டப் பகுதியில் ஏறக்குறைய 32 வீதம். மாட்டிறைச்சி ஒன்றே இதற்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. முட்டை, பால், பயறு, கீரை எல்லாம் வேண்டும். ஆனால் மூன்றில் ஒரு பிள்ளை வளராமல் நிற்கும் இடத்தில், புரதம் தரும் ஓர் உணவைப் பாவம் என்று சட்டியிலிருந்து எடுப்பவர்கள், அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு எடுக்கட்டும்.

ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும்

லொறியில் கால்களைக் கட்டி மாடுகளைத் திணித்து ஏற்றுவது கொடுமை. சினைப் பசுவைத் திருட்டுத்தனமாக வெட்டுவது குற்றம். லயத்து மாட்டை இரவில் அவிழ்த்துக்கொண்டு போகும் திருட்டு எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களின் கண்ணீர். இவற்றுக்கெதிராகச் சட்டத்தை இறுக்கினால் முதல் ஆளாகக் கை தூக்குவேன். எந்த உயிரையும் கொல்லாதே என்று சொன்ன வள்ளுவருக்கும் வள்ளலாருக்கும் முன்னால் எனக்குச் சொல்ல வாதம் இல்லை. பாலபாடத்தில் புலாலுண்ணலைக் கண்டித்து எழுதிய நல்லூர் ஆறுமுக நாவலரின் சைவமும் இந்த நாட்டு மரபில் ஒன்றுதான். ஆனால் அது ஒரு மரபு, மரபு முழுவதும் அதுவே என்று ஆகிவிடாது. முனியாண்டிக்குக் கிடா வெட்டும் தோட்டத்து மரபு அதற்கு இளைத்ததல்ல.

பவபூதியின் ஆசிரமத்துக்கு ஒருமுறை திரும்பிப் போவோம். வசிட்டருக்கு ஒரு விதமான இலை, ஜனகருக்கு இன்னொரு விதம். இருவரும் அதே வால்மீகியின் விருந்தாளிகள். எட்டாம் நூற்றாண்டு நாடகாசிரியருக்கு இயல்பாகப்பட்ட இந்த ஏற்பாடு இருபத்தோராம் நூற்றாண்டுத் தோட்டக் கோயிலுக்கு ஏன் முடியாததாகிவிட்டது?

அடுத்த திருவிழாவுக்கு மேடையேறப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காப்புக் கட்டிய நாட்களில் சைவமாக இருங்கள் என்று சொல்லுங்கள், கேட்கிறோம். விரும்பினால் வருடம் முழுதும் இருங்கள் என்றும் சொல்லுங்கள். ஆதியில் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படியே தேவாரம் பாடுகிறவரிடம் சொல்லி, அப்பரின் அந்த ஒரு தாண்டகத்தை ஒலிபெருக்கியில் முழுதாகப் பாட வையுங்கள். சுற்றுப்பாதையில் போய்க்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.